வளர்ப்பும் உயிலும்

தாயும் தகப்பனும் இல்லாத பேத்தியை எடுத்து வளர்த்த பாட்டிக்கு அந்தப் பேத்தி என்ன கடன்பட்டிருக்கிறாள்? நன்றி, மரியாதை, கீழ்ப்படிதல் என்று உடனே சொல்லிவிடலாம். எந்த ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாட்டியிடம் பெருஞ்சொத்து இருந்து, அதை யாருக்கு எழுதிவைப்பது என்பதும் அவர் இஷ்டமாகவே இருந்துவிட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை. பேத்தி சொன்னபடி கேட்பது பாசத்தினாலா, உயிலுக்குப் பயந்தா என்று அப்போது யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. பாட்டியாலேயே சொல்ல முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உயர்குடியில், மார்ல்பரோ கோமகள் சாரா சர்ச்சிலின் வீட்டில் இந்தக் கேள்வி கால் நூற்றாண்டுக்கு மேல் குடியிருந்தது.

சாரா 1660-இல் பிறந்தவர். ராணி ஆனின் உயிர்த்தோழி. ராணியின் உடைப் பொறுப்பிலிருந்து சொந்தச் செலவுப் பணம் வரை அரண்மனையில் அவர் கையில்தான் இருந்தன. கணவர் ஜான் சர்ச்சில், 1704-இல் பிளென்ஹைம் போரில் பதினான்காம் லூயியின் படையை முறியடித்த தளபதி. 1711 தொடக்கத்தில் ராணி சாராவின் பதவிகளையெல்லாம் பறித்துக்கொண்டார். அரசியல் ஒரு காரணம். இன்னொரு காரணம் சாராவின் நாக்கு. உண்மையை முகத்துக்கு நேரே சொல்வதுதான் நட்பு, சொன்னதைக் கேட்டு நடப்பதுதான் நன்றி என்று அவர் உறுதியாக நம்பினார். இந்த நம்பிக்கை ராணியிடம் செல்லுபடியாகவில்லை. பெற்ற மகள்களிடமும் செல்லுபடியாகவில்லை.

சாவும் அந்த வீட்டை விட்டுவைக்கவில்லை. வாரிசாக இருந்த ஒரே மகன் 1703-இல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மை கண்டு இறந்தான். 1714-இல் மகள் எலிசபெத்தும் அதே நோயில் போனாள். 1716 ஏப்ரலில் இன்னொரு மகள் ஆன், சந்தர்லாந்து பிரபுவின் மனைவி, 33 வயதில் இறந்தாள். அவள் விட்டுப்போன பிள்ளைகளில் டயானா ஸ்பென்சர் என்ற சிறுமிக்கு அப்போது 5 வயது.

ஆன் சாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே கணவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். அது அவள் இறந்த பிறகுதான் கிடைத்தது. பெண் குழந்தைகளையும், பள்ளிக்குப் போக வயது வராத ஆண் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் என் அம்மாவிடம் ஒப்படையுங்கள் என்று அதில் கேட்டிருந்தாள். குழந்தைகளை வேலைக்காரர்களிடம் விட்டுவிடுவது நல்லதல்ல, சின்னக் குழந்தைகளை ஒரு பெண் பார்த்துக்கொள்வதுபோல் ஆண்பிள்ளையால் பார்த்துக்கொள்ள முடியாது என்று காரணமும் சொல்லியிருந்தாள். நீங்கள் மறுமணம் செய்துகொண்டாலும் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள் என்றும் ஒரு வேண்டுகோள். அம்மா இதைச் செய்வாள் என்று தான் நம்புவதற்கு அவள் சொன்ன காரணம் இரண்டு: அம்மாவுக்குத் தன் மேல் உள்ள பாசம், தான் அம்மாவிடம் எப்போதும் காட்டிவந்த பணிவு. சந்தர்லாந்து பிரபு அந்தக் கடிதத்தை மாமியாருக்கே அனுப்பிவைத்தார்.

இரண்டாவது காரணத்தைக் கவனிக்க வேண்டும். சாகப்போகிற மகள், தன் பிள்ளைகளுக்காகத் தாயிடம் கேட்கும்போதுகூட, ‘நான் உங்களுக்குப் பணிந்து நடந்தவள் இல்லையா’ என்று நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அந்த வீட்டில் பாசம் தனியாக நடமாடவில்லை. பணிவு என்ற விலை அதோடு கூடவே வந்தது. பெற்றவள் அந்த விலையைக் கொடுத்துப் பழகியவள். அடுத்துக் கொடுக்கவேண்டியது அவள் பெற்ற பெண்.

சாராவின் மேல் குற்றம் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குழந்தைகளை ஏற்றுக்கொள்ள அவருக்கு எந்தச் சட்டக் கட்டாயமும் இருக்கவில்லை. சட்டம் உரிமையும் தரவில்லை. அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் பிள்ளைகள் தகப்பனுக்கே உரியவர்கள். பெற்ற தாய்க்கே அதில் பங்கில்லை. சின்னக் குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்ற அளவுக்காவது சட்டம் இறங்கிவந்தது 1839-இல்தான். தாயைப் பெற்றவளின் நிலையைக் கேட்க வேண்டியதில்லை. எலிசபெத்தின் மகள் ஆன் எகர்ட்டனையும் (அந்தக் குடும்பத்தில் பெண்களுக்கு ஆன் என்ற பெயர் அதிகம்) சாராதான் வைத்து வளர்த்துவந்தார். 1725-இல் அவளுடைய தகப்பன் அவளை அழைத்துக்கொண்டுபோய் மூன்றாம் பெட்ஃபர்ட் கோமகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். சாரா கொதித்தார், வேறொன்றும் செய்ய முடியவில்லை. எந்த நேரமும் பறிபோகக்கூடிய பிள்ளை என்று தெரிந்தே மனதை வைத்து வளர்ப்பது சின்ன விஷயமில்லை. 56 வயதில், கணவர் பக்கவாதத்தில் விழுந்த அதே ஆண்டில், சாரா அதைச் செய்தார். 1722 ஏப்ரலில் சந்தர்லாந்து பிரபு இறந்தார். இரண்டு மாதம் கழித்து மார்ல்பரோ கோமகனும் இறந்தார். தாய் தகப்பன் இருவரையும் இழந்த 11 வயது டயானாவும், கணவனை இழந்த 62 வயது சாராவும் ஒருவருக்கொருவர் மிஞ்சினார்கள்.

வளர்ப்பில் கண்டிப்பு இருந்தது, செல்லமும் இருந்தது. தாத்தா உயிரோடிருந்த நாட்களில் பிளென்ஹைம் மாளிகையில் பேரப்பிள்ளைகள் சேர்ந்து டிரைடனின் ‘ஆல் ஃபார் லவ்’ நாடகத்தை நடித்துக்காட்டினார்கள். ஆண்டனி, கிளியோபாட்ரா காதல் கதை அது. பாட்டி முதலில் பிரதியை எடுத்துக் காதல் வசனங்களில் பலவற்றை அடித்துவிட்டார். கட்டிப்பிடிக்கும் காட்சியும் கூடாதென்றார். மிச்சத்தை ஆசையாக உட்கார்ந்து பார்த்தார். பிள்ளைகள் மகிழ வேண்டும், ஆனால் வசனம் பாட்டி திருத்திக்கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் வளர்த்த முறை.

திருமண விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் பிற்காலத்தில் எழுதிவைத்த கதைப்படி, பட்டத்து இளவரசர் ஃபிரடெரிக்குக்கு டயானாவை ரகசியமாகக் கட்டிவைக்க சாரா ஏற்பாடு செய்தார். இளவரசருக்குப் பணமுடை. சாரா தருவதாகச் சொன்ன சீதனம் 1,00,000 பவுண்ட். தலைமை அமைச்சர் ராபர்ட் வால்போலுக்கு விஷயம் தெரிந்துபோய்க் கல்யாணம் நின்றது. அந்த அமைச்சரைச் சாராவுக்கு ஆகாது. அரசர் குடும்பத்துக்குள் பேத்தியை உட்காரவைப்பது அவருக்குக் கொடுக்கும் அடியாகவும் இருந்திருக்கும். கதை முழுவதும் நடந்ததோ, பாதி அரண்மனை வம்போ, அதைக் கேட்ட அன்றைய லண்டன் நம்பத் தயங்கவில்லை. பாட்டி பேரம் பேசுகிறார், இளவரசர் கணக்குப் பார்க்கிறார், அமைச்சர் தடுக்கிறார். டயானா அந்தக் கதையில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. வளர்ப்பவர் தன் பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள வளர்ந்த பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுப்பது தவறு. அவளுக்கு அதனால் கிரீடமே கிடைக்கும் என்றாலும் தவறுதான்.

ஆனாலும் பேரம் பேசியதையே குற்றமாக்குவது நியாயமாகாது. அன்றைய சட்டப்படி, கல்யாணமான பெண்ணின் கைப்பொருள் அவ்வளவும் கணவனுடையதாகிவிடும். அவளுக்கென்று தனியாக ஏதாவது மிஞ்ச வேண்டுமானால், தாலி ஏறுவதற்கு முன்பே பெரியவர்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதி, நம்பகமானவர்களின் பெயரில் சொத்தை வைக்க வேண்டும். கணவன் இறந்தால் ஆண்டுக்கு எவ்வளவு, கைச்செலவுக்கு எவ்வளவு என்று காகிதத்தில் ஏற்ற வேண்டும். சாரா தன் வாழ்க்கையில் இந்த வித்தையைக் கற்றுத் தேர்ந்தவர். கணவர் உயிரோடிருந்தபோதே அவருக்குத் தனிச் சொத்து இருந்தது. 1720-இல் தென்கடல் கம்பெனிப் பங்குகள் வானத்துக்கு ஏறியபோது, இது நிற்காது என்று கணித்து, சரிவுக்கு முன்பே விற்றுப் பெருலாபம் பார்த்தவர். பணமில்லாத பெண்ணுக்கு இந்த உலகத்தில் வாய் கிடையாது என்று அவருக்குத் தெரியும். தகப்பனில்லாத பேத்திக்காக வழக்கறிஞர்களோடு மல்லுக்கட்டிய பாட்டியின் செயலில் பாதிக்கு மேல் பாதுகாப்பு. அந்தக் காலத்தில் பாசத்துக்குக் கிடைத்த ஆயுதமே அதுதான்.

1731 அக்டோபரில் டயானாவுக்கும் ஜான் ரஸ்ஸல் பிரபுவுக்கும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை இளைய மகன். ஆனால் அண்ணனுக்குப் பிள்ளையில்லை, உடம்பும் சரியில்லை, சூதாட்டம் வேறு. அடுத்த ஆண்டே அண்ணன் இறக்க, ஜான் நான்காம் பெட்ஃபர்ட் கோமகன் ஆனார். டயானா கோமகள் ஆனாள். அந்த அண்ணன்தான் 1725-இல் ஆன் எகர்ட்டன் போய்ச் சேர்ந்த வீட்டுக்காரர். பாட்டியிடமிருந்து பிரித்துக்கொண்டுபோகப்பட்ட பேத்தி இறங்கிய இடத்தில், பாட்டி சொல்லிக் கல்யாணம் செய்த பேத்தி ஏறினாள். சாராவுக்கு இது தன் முறைதான் சரி என்பதற்குச் சாட்சியாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு பாட்டி பேத்திக்கு எழுதிய கடிதங்கள் நிறைய இருக்கின்றன. 1732 முதல் 1735 வரையிலானவற்றை கிளாடிஸ் ஸ்காட் தாம்சன் தொகுத்து 1943-இல் புத்தகமாக்கினார். வீடு கட்டும் செலவு, வைத்தியர்கள் மேல் அவநம்பிக்கை, சொந்தக்காரர்கள் மேல் மனத்தாங்கல், பேத்தியின் உடம்பைப் பற்றிய ஓயாத கவலை. இங்கிலாந்தின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவர், அரசர்களையும் அமைச்சர்களையும் அதட்டியவர், இந்த ஒரு பெண்ணிடம் மட்டும் மனதைக் கொட்டுகிறார். அந்தப் பாசம் உண்மை. அதைச் சந்தேகிப்பவர்கள் கடிதங்களைப் படித்தவர்களாக இருக்க முடியாது.

இனி மறுபக்கம். டயானாவின் அண்ணன் சார்ல்ஸ் 1732-இல் ட்ரெவர் பிரபுவின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணின் தாத்தா, மார்ல்பரோவை வீழ்த்திய கட்சிக்குப் பலம் சேர்க்கப் பிரபுவாக்கப்பட்ட பன்னிரண்டு பேரில் ஒருவர். சாரா இதை மன்னிக்கவில்லை. இந்தச் சம்பந்தத்துக்குத் தூண்டுகோல் டயானாவின் அக்கா பேட்மன் சீமாட்டிதான் என்று முடிவுகட்டினார். பிறகு நடந்ததை ஹொரேஸ் வால்போல் சொல்கிறார்: வீட்டில் தொங்கிய அந்தப் பேத்தியின் ஓவியத்தில் முகத்துக்குக் கறுப்பு மை பூசி, இப்போது இவளுடைய வெளியும் உள்ளைப்போலவே கறுத்துவிட்டது என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் அதன் மேல் எழுதிவைத்தாராம். வால்போல் சுவைக்காகக் கூட்டிச் சொல்லக்கூடியவர். ஆனால் சாராவின் சுபாவத்துக்கு இது புதிதில்லை. தன் மகள்கள் தனக்கிழைத்த கொடுமைகளை வரிசையாக எழுதி, வீட்டுக்கு வந்தவர்களுக்குப் படிக்கக் கொடுத்தவர் அவர்.

பேட்மன் சீமாட்டியும் அதே ஆன் பெற்ற பெண். சாகும் மகள் எழுதிவைத்த கடிதம் ‘பெண் குழந்தைகளை’ என்றுதான் சொன்னது. எனக்குப் பிடித்தவளை வைத்துக்கொண்டு பிடிக்காதவளின் முகத்தில் கரி பூசு என்று சொல்லவில்லை. தாயில்லாத பிள்ளைகளைப் பொறுப்பேற்றவர் அவர்களுக்குள் ஒருத்தியைத் தூக்கிவைத்து இன்னொருத்தியைத் தள்ளிவைத்தால், செத்தவள் நம்பி ஒப்படைத்ததையே மீறியவராகிறார். சார்ல்ஸின் கல்யாணம் சாராவுக்குப் பிடிக்காமல் போனது நியாயமான வருத்தமாகவே இருக்கட்டும். வருத்தப்பட அவருக்கு உரிமை உண்டு. வாரிசை விலக்குவேன் என்று மிரட்டவும், உடன்பிறந்தவர்களைக் கட்சி பிரிக்கவும் அந்த உரிமை போதாது.

டயானாவின் இடத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் கனமாகிறது. தான்தான் செல்லப்பேத்தி. பாட்டிக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்பதை அவள் கேள்விப்பட வேண்டியதில்லை, வீட்டுக்குள்ளேயே பார்த்தாள். பெற்ற மகள்கள் வெளியே. அக்கா வெளியே. அண்ணன் வெளியே. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பெண் பணிவாகப் பதில் எழுதுகிறாள் என்றால், அந்தப் பணிவை எதில் சேர்ப்பது? அவளுக்கு இயல்பாகவே நல்ல குணம் இருந்திருக்கலாம். தன்னை வளர்த்த கிழவியிடம் மெய்யான பாசமும் இருந்திருக்கலாம். இருந்தது என்றே நம்பலாம். ஆனால் கோபத்துக்குத் தண்டனையாகச் சொத்தை வைத்துவிட்டவருக்கு அதை உறுதியாகத் தெரிந்துகொள்ளும் வழி அடைபட்டுப்போகிறது. சாரா தனக்குத்தானே செய்துகொண்ட பெரிய தீங்கு இதுதான். தன்மேல் உண்மையாகவே பாசம் வைத்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தும், அது உண்மையா என்று கேட்டால் பதில் சொல்ல யாருமில்லாதபடி செய்துகொண்டார்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்ததுபோல என்று நன்றி கெட்டவர்களைச் சொல்வது வழக்கம். சாராவும் தன் மகள்களைப் பற்றி ஏறக்குறைய இதைத்தான் வாழ்நாள் முழுவதும் சொன்னார். ஆனால் கடன் என்றால் வாங்கியவருடைய சம்மதம் வேண்டும். 5 வயதுக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. வேறு வழியில்லாதவருக்குச் செய்த உதவியைக் கடன்பத்திரமாக்கி வைத்துக்கொண்டு, இருபது வருஷம் கழித்து வட்டியோடு கேட்பதில் நியாயம் கிடையாது. அப்படியானால் நன்றியே வேண்டாமா? வேண்டும். நன்றி இல்லாத மனிதர் குறைப்பட்ட மனிதர்தான். ஆனால் நன்றி தானாக வரவேண்டியது, வசூலிக்கப்படுவதில்லை. எந்த மாப்பிள்ளை, எந்தக் கட்சி, எந்த உறவினர் வீட்டுக்குப் போகலாம் என்பவற்றிலெல்லாம் வளர்த்தவர் கிழித்த கோட்டில் நிற்பது நன்றிக்குள் அடங்காது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. சொத்து சாராவுடையது, கணவரும் தானும் சம்பாதித்தது. தனக்குப் பிடித்தவருக்கு எழுத அவருக்கு உரிமை இல்லையா? சட்டப்படி முழு உரிமை உண்டு. அறத்தின்படியும் அவர் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஏழைப் பேரனுக்கு அதிகமும் பணக்காரப் பேரனுக்குக் குறைவுமாக எழுதினால் அது நல்ல காரியமே. கேள்வி யாருக்கு எவ்வளவு என்பதில் இல்லை. இன்று பேசிய பேச்சுக்கு நாளை உயில் மாறும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்படி நடந்துகொள்வதில்தான் தவறு இருக்கிறது. அப்போது வீட்டில் ஒவ்வொருவரும் பேசுவதற்குமுன் ஒருமுறை எண்ணிப்பார்ப்பார்கள். சாரா எந்த முகத்துக்கு நேரான பேச்சைத் தன் வாழ்நாள் பெருமையாக நினைத்தாரோ, அது அவர் வீட்டில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

டயானாவுக்கு நீண்ட ஆயுள் இல்லை. 1732 நவம்பரில், வண்டி விபத்துக்குப் பிறகு குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை ஒரு நாள் மட்டுமே இருந்தது. பிறகு ஒரு கரு கலைந்தது. 1735-இல் உடம்பு நலிந்தபோது, மீண்டும் கர்ப்பம் என்றே முதலில் நினைத்தார்கள். காசநோய் அது. செப்டம்பர் 27-ஆம் தேதி, லண்டன் ப்ளூம்ஸ்பரியில் இருந்த வீட்டில் 25 வயதில் இறந்தாள். பாட்டிக்கு அப்போது 75 வயது. அந்தச் சாவை சாரா எப்படித் தாங்கியிருப்பார் என்று எண்ணும்போது அவர் மேல் உள்ள கோபமெல்லாம் கொஞ்சம் அடங்கிவிடுகிறது. மனம் விட்டுப் பேச இருந்த ஒரே உயிர் போய்விட்டது. மற்றவர்களை அவரே அனுப்பியிருந்தார்.

அதன் பிறகும் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். பாசம் டயானாவின் இன்னொரு அண்ணன், சேட்டைக்காரரான ஜான் ஸ்பென்சர் பக்கம் திரும்பியது. நம் காலத்தில் உலகமே அறிந்த இளவரசி டயானா (1961–1997) இந்த ஜானின் வழிவந்தவர். 1744 அக்டோபரில் 84 வயதில் சாரா இறந்தபோது, பிளென்ஹைமோடு கட்டுப்பட்ட பங்கு தவிரத் தன் விருப்பப்படி எழுதக்கூடிய சொத்தில் பெரும்பகுதியை ஜானுக்கு விட்டிருந்தார். உயிலில் ஒரு நிபந்தனை இருந்தது: அரசாங்கத்தில் எந்தப் பதவியையும் உதவித்தொகையையும் ஜான் ஏற்கக் கூடாது. அந்த நிபந்தனையிலும் நல்லெண்ணம் உண்டு. அமைச்சர்கள் பதவியைக் காட்டி ஆட்களை விலைக்கு வாங்கிய காலம் அது. பேரன் யாரிடமும் கைநீட்டாமல் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று பாட்டி ஆசைப்பட்டார். ஆனால் அமைச்சர் பணத்தைக் காட்டி ஒருவனை ஆட்டிவைப்பது இழிவு என்றால், பாட்டி பணத்தைக் காட்டி ஆட்டிவைப்பதும் அதே இழிவுதான். 36 வயது மனிதன் நாட்டுக்கு என்ன பணி செய்யலாம் என்பதைக் கல்லறையிலிருந்து முடிவுசெய்யும் உரிமை வளர்த்தவருக்கும் கிடையாது. ஜான் 1746-இல், 38 வயதில் இறந்துபோனார். அந்த நிபந்தனையை சாரா எழுதியிருக்கக் கூடாது.